பந்து மலைப்பாம்பின் பெட்டியில் எதை விரிப்பது: தாளா, தும்புத்தூளா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோவில் உங்கள் வீட்டில் மகன் ஒரு வயதுப் பந்து மலைப்பாம்பு (ball python) வளர்க்கிறார். வாங்கிய நாள் முதல் கண்ணாடிப் பெட்டியில் செய்தித்தாள்தான் விரிக்கிறீர்கள். கடைக்காரர் தும்புத்தூள், அதாவது தேங்காய் நார்த்தூள், போடச் சொல்கிறார், மகனின் நண்பர் ஆஸ்பென் மரச்சீவல் என்கிறார், இணையத்தில் ஒருவர் தாளில் பாம்பு வளர்ப்பது கொடுமை என்றே எழுதியிருக்கிறார். பனிக்காலம் தொடங்கியதிலிருந்து சட்டை முழுதாகக் கழலாமல் துண்டு துண்டாக வருகிறது. எந்த விரிப்பு நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் கேட்பது, அச்சு மை பாம்புக்குத் தீங்கா, சட்டை கிழிவதற்குத் தாள்தான் காரணமா, வாழ்நாள் முழுவதும் தாளிலேயே கிடப்பது அதற்கு ஒரு குறையா என்பவைதான். மையைப் பற்றிப் பயப்பட வேண்டாம். சட்டை கிழிவதில் தாளுக்குப் பாதிப் பங்கு உண்டு. கடைசிக் கேள்விக்கு என் பதில், ஆம், குறைதான்.

ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனை ஒன்றில் பல ஆண்டுகளாக மருத்துவரின் உதவியாளராக வேலை செய்கிறேன். வீட்டிலும் பாம்பு வளர்க்கிறேன். நான் கால்நடை மருத்துவர் அல்ல. பாம்பைப் பார்க்காமல் நோயைப் பற்றி என்னால் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் எதை விரித்தால் என்ன ஆகும் என்பது தினமும் என் கண்முன் நடப்பது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களும் இருப்பார்கள் என்பதால். இந்தியாவில் வாழும் மலைப்பாம்பு, சாரை, மண்ணுளி போன்றவற்றைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே பேசுவது கனடாவில் வளர்ப்பிலேயே பிறந்து விற்பனைக்கு வரும் ஆப்பிரிக்க இனத்தைப் பற்றி.

தாளின் பெரிய குணம், எதையும் மறைக்காது என்பதே. மருத்துவமனையில் எங்களிடம் வரும் பாம்பு எதுவானாலும் வெள்ளைச் சமையலறைத் தாளின் மீதுதான் வைக்கிறோம். பாம்பு சிறுநீரைத் திரவமாகக் கழிப்பது குறைவு. பெரும்பகுதி யூரிக் அமிலமாக, சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளையாக வெளியே வரும். அது வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருந்தால் கவலையில்லை. கரும்பச்சையாகவோ, ரத்தக் கோடுடனோ, மணல் போலக் கரகரப்பாகவோ இருந்தால் அது ஒரு செய்தி. எலியைத் தின்ற மூன்றாம் நாள் கக்கிவிட்டதா, வாயிலிருந்து சளி வடிந்து காய்ந்த தடம் இருக்கிறதா, எல்லாமே வெள்ளைத் தாளில் தெரியும். தும்புத்தூளில் இவற்றில் பாதி கண்ணுக்குப் படாமலே போய்விடும்.

சிற்றுண்ணி விஷயத்தில் இது இன்னும் முக்கியம். பாம்புச் சிற்றுண்ணி ஊசிமுனை அளவில், கருமிளகின் பொடி போல இருக்கும். செதில்களுக்கு இடையிலும் கண்ணைச் சுற்றியுள்ள பள்ளத்திலும் தாடையின் கீழ் மடிப்பிலும் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும். முட்டையைப் பாம்பின் மேல் இடாது, பெட்டியின் ஈரமான இருண்ட இடுக்குகளில் இடும். முட்டை வளர்ந்து தாயாவதற்கு இரண்டு மூன்று வாரம் போதும். தளர்வான விரிப்பு இருந்தால் அந்தப் பெட்டி முழுவதுமே இடுக்குதான். வெள்ளைத் தாளிலோ நகரும் புள்ளியை அன்றே பார்த்துவிடலாம். தாளைச் சுருட்டி மூடிய பையில் போட்டு வெளியேற்றினால் முட்டைகளில் பெரும்பகுதியும் அதோடு போய்விடும். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியையும் பார்க்கப் பழகுங்கள். பாம்பு ஊறிக் கிடந்த கிண்ணத்தில் மூழ்கிச் செத்த உண்ணிகள் கறுப்புப் புள்ளிகளாகத் தங்கியிருக்கும். புதிதாக வாங்கிய பாம்பை 90 நாள் தனியறையில் தாளின் மீது வைக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது இதனால்தான். நீங்கள் வாங்கியதும் தாள் விரித்தது தெரிந்து செய்ததோ தெரியாமல் செய்ததோ, மிகச் சரியான காரியம்.

மை விஷயத்துக்கு வருவோம். செய்தித்தாளின் கறுப்பு மை, கரித்தூளை எண்ணெயில் குழைத்தது. 1980-களிலிருந்து வட அமெரிக்காவில் பல பத்திரிகைகள் பெட்ரோலிய எண்ணெயைக் குறைத்துச் சோயா எண்ணெய்க்கு மாறின. காட்சிசாலைகளிலும் வீடுகளிலும் பல தலைமுறைப் பாம்புகள் செய்தித்தாளின் மீது வளர்ந்திருக்கின்றன. மையால் நோய்வந்த பாம்பு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. இது நீண்டகாலப் பழக்கம் தரும் நம்பிக்கை, பரிசோதனை தந்த தீர்ப்பு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளிர்நிறப் பாம்பின் வயிற்றில் மை ஒட்டிக் கறுக்கும், அவ்வளவுதான். அதுவும் மனதை உறுத்தினால் வீடு மாறும்போது பாத்திரம் சுற்றுவதற்கு விற்கும் அச்சிடாத தாள் கட்டாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். நான் பயன்படுத்துவதும் அதைத்தான். பளபளப்பான விளம்பரத் தாள்கள் ஈரத்தை உறிஞ்சாது, அவற்றைப் போடாதீர்கள். வாசனை சேர்த்த சமையலறைத் தாளும் வேண்டாம். நாய்க்குட்டிகளுக்கான உறிஞ்சு விரிப்பில் தண்ணீர் பட்டால் ஊதிப் பெருகும் குருணை இருக்கிறது. பாம்பு எலியோடு சேர்த்து அதன் ஓரத்தைக் கவ்விவிட்டால் ஆபத்து.

தாளை எப்படி விரிக்கிறோம் என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். பாம்பு எப்போதும் தாளுக்கு அடியில் போகப் பார்க்கும். அதைத் தடுக்க ஓரத்தில் ஒட்டுநாடா ஒட்டுகிறார்கள். தயவுசெய்து பெட்டிக்குள் எந்த ஒட்டுநாடாவும் வேண்டாம். நாடாவில் சிக்கிய பாம்பு விடுபடத் திமிறும், திமிறத் திமிற உடலில் இன்னும் சுற்றிக்கொள்ளும். இழுத்தால் செதிலோடு தோலும் சேர்ந்து வரும். அப்படி வந்த பாம்புகளுக்குச் சமையல் எண்ணெயைத் தடவி, நகக்கண் அளவு நகக்கண் அளவாக நாடாவை ஊறவைத்துக் கழற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஓரங்களை உள்நோக்கி மடித்து, நாலைந்து தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, கனமான கிண்ணத்தையும் மறைவிடங்களையும் மேலே வைத்தால் போதும். அதற்கு மேலும் அடியில் போனால் போகட்டும். ஒளிந்துகொள்வது அதன் இயல்பு.

ஆனால் அடியில் போகும் பாம்பு, கீழே சூட்டுப் பாய் இருந்தால் நேரே சூடான கண்ணாடி மீது படுக்கும். வயிற்றுப் பக்கத்துச் சூட்டைப் பாம்பு உடனே உணர்ந்து விலகுவதில்லை. கொப்புளம் வரும்வரை அசையாமல் கிடந்தவற்றைப் பார்த்திருக்கிறேன். ஆகவே சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத சூட்டுப் பாய் கூடவே கூடாது. பாயைப் பெட்டிக்கு வெளியே அடியில் ஒட்டி, தெர்மோஸ்டாட்டின் உணரியைப் பாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்து, தாளை விலக்கிக் கண்ணாடியின் மேற்பரப்பை அளந்து பாருங்கள். சூடான பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25, 26 இருந்தால் பந்து மலைப்பாம்புக்கு இதமாக இருக்கும். தளர்வான விரிப்புக்கு மாறும்போதும் இது பொருந்தும். மேலே கனமாக விரித்தால் சூடு மேலே வராமல் கண்ணாடிக்கும் விரிப்புக்கும் இடையில் தேங்கும். மேல்பரப்பு குளிர்ந்து கிடக்க, பாம்பு தோண்டிப் போய்ச் சுட்டுக்கொள்ளும். அப்போது சூட்டை மேலிருந்து தருவதே நல்லது.

சட்டைக்கு வருகிறேன். இந்த இனத்துக்குக் காற்றில் ஈரப்பதம் சுமார் 55 முதல் 70 சதவீதம் வேண்டும். டொராண்டோப் பனிக்காலத்தில் சூடேற்றிய வீட்டுக்குள் அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். மூடி வலைக்கம்பி என்றால் பெட்டிக்குள்ளும் அதே வறட்சிதான். தாள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. அது தாளின் குற்றம். மூடி திறந்து கிடப்பதும் ஈரமான ஒளிவிடம் இல்லாததும் தாளின் குற்றமல்ல. இந்த இரண்டையும் சரிசெய்தால் தாளின் மீதே சட்டை ஒரே உறையாகக் கழல்வதைப் பார்ப்பீர்கள். சிலர் தாளின் மேலேயே தண்ணீர் தெளிக்கிறார்கள். ஈரத்தாளில் நாள் கணக்கில் வயிறு பட்டுக் கிடந்தால் வயிற்றுச் செதில்கள் பழுப்பாகி, கொப்புளம் விட்டு, அழுகத் தொடங்கும். அதைச் செய்யாதீர்கள்.

பதிலாக இப்படிச் செய்யுங்கள். வலைமூடியின் முக்கால் பங்கை அலுமினியத் தாளாலோ அக்ரிலிக் தகட்டாலோ மூடுங்கள், விளக்கு இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு. தண்ணீர்க் கிண்ணத்தைப் பெரிதாக்குங்கள். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் உணவுப் பெட்டியை எடுத்து, பாம்பின் தடித்த பகுதியைப் போல ஒன்றரை மடங்கு அகலத்தில் பக்கவாட்டில் துளையிட்டு, விளிம்பைத் தேய்த்து மழுங்கடித்து, ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஸ்பாக்னம் பாசியை நனைத்து நன்றாகப் பிழிந்து பாதி நிரப்புங்கள். அதைச் சூடான பக்கத்துக்கும் நடுவுக்கும் இடையில் வையுங்கள். பாசியில் புளித்த வாடை வந்தால் மாற்றிவிடுங்கள். சட்டை கழலுமுன் கண் நீலம் பாரித்து மங்கும் நாட்களில் பாம்பு அதற்குள்ளேயே கிடக்கும். ஈரப்பதமானியைச் சுவரின் உச்சியில் ஒட்டாமல் பாம்பு வாழும் தரைமட்டத்தில் வையுங்கள். இப்போது உடலில் ஒட்டியிருக்கும் துண்டுகளை உரிக்க முயல வேண்டாம். வெதுவெதுப்பான ஈரத்துண்டு போட்ட காற்றோட்டமுள்ள பெட்டியில் அரைமணி நேரம் விட்டால் தானே நெகிழும். கண்ணின் மேல் உறை தங்கியிருந்தால் உங்கள் கை படவே கூடாது. அது மருத்துவர் வேலை.

இனி, கொடுமை என்று எழுதியவரின் வாதம். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் பந்து மலைப்பாம்பு எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கிறது. நாற்புறமும் உடம்பை அழுத்தும் இருட்டு அதற்குப் பாதுகாப்பு. வெறும் தாளும் ஒரு கிண்ணமும் உள்ள பெட்டி அந்த வாழ்க்கைக்கு எதிரானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆய்வுகளும் அந்தத் திசையைத்தான் காட்டுகின்றன. 2006-இல் அமெரிக்காவில் எலிப்பாம்புகளை வைத்துச் செய்த ஆய்வில், வளமான சூழலில் வளர்ந்தவை புதிய சூழலுக்கு விரைவாகப் பழகின. 2021-இல் ஜெர்மனியில் பந்து மலைப்பாம்புகளையே இழுப்பறைப் பெட்டியிலும் பொருள்கள் நிறைந்த விசாலமான பெட்டியிலும் வைத்துப் பார்த்தார்கள். இரண்டாவதில் ஏறுவது, தோண்டுவது, சூடு காய்வது என்று இயல்பான செயல்கள் வெளிப்பட்டன. இழுப்பறையில் அதற்கு இடமே இல்லை. ஆனால் இந்த ஆய்வுகள் ஒப்பிட்டது முழுச் சூழலை. இடம், ஒளிவிடம், ஏறுகொம்பு, விரிப்பு எல்லாம் சேர்ந்து மாறின. தாள் ஒன்றுதான் குறை என்று இவற்றை வைத்து யாரும் சொல்ல முடியாது. தாள் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது.

என் துணிபு இது. பாம்பைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகமாக இருக்கும் காலத்துக்குத் தாள். பாம்பு நலமாக இருக்கிறது என்று உறுதியானதும் தோண்டிப் புகுந்து வாழ மண் போன்ற ஒன்று. தாளில் இருக்கும் காலத்திலும் தரை வெறிச்சோட வேண்டியதில்லை. காலணி வந்த அட்டைப் பெட்டியில் துளையிட்டு, உள்ளே தாளைக் கசக்கி நிறைத்துவிடுங்கள். பாம்பு அந்தச் சுருள்களுக்குள் நுழைந்து உடம்பைப் பொதிந்துகொள்ளும். அழுக்கானால் பெட்டியோடு தூக்கி எறியலாம். செலவே இல்லை.

மாறும்போது பந்து மலைப்பாம்புக்கு என் முதல் தேர்வு தும்புத்தூளும் தேங்காய் மட்டைச் சில்லும் கலந்த கலவை. கனடாக் கடைகளில் செங்கல் போல அழுத்தி விற்கிறார்கள். உறையைத் திருப்பிப் பார்த்தால் பல சமயம் இலங்கை அல்லது இந்தியா என்றிருக்கும். பொள்ளாச்சிப் பக்கத்து நார் ஆலைகளில் ஒரு காலத்தில் மலைபோலக் குவிந்து கிடந்த கழிவுதான் இது. கடலோரத் தென்னையின் மட்டையிலும் உப்புநீரில் ஊறவைத்த மட்டையிலும் உப்பு தங்கும் என்பதால், கழுவி உப்பு நீக்கியது என்று போட்டிருப்பதை வாங்குங்கள். 650 கிராம் கட்டியை வெந்நீரில் ஊறவிட்டால் ஏழெட்டு லிட்டர் தூள் கிடைக்கும். ஊறியதும் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. கையை விரித்தால் உருண்டை உருண்டையாகவே நிற்க வேண்டும், விரலால் தொட்டதும் உதிர வேண்டும். சொட்டினால் இன்னும் காயவையுங்கள். ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் ஆழம் பரப்புங்கள். பிறகு ஈரம் குறையும்போது மேலே தெளிக்காமல் மூலைகளில் தண்ணீரை ஊற்றினால் அடியடுக்கு நனைந்து மேலடுக்கு உலர்ந்திருக்கும். முழுதும் காய்ந்த தூளோ பறந்து மூக்கிலும் வாயோரத்திலும் ஒட்டும். தூளை மட்டும் போடாமல் சில்லு கலப்பது அதனால்தான்.

மகனின் நண்பர் சொன்ன ஆஸ்பென் நல்ல பொருள்தான், உங்கள் பாம்புக்கு அல்ல. மணமற்ற வன்மரம், வளை சரியாமல் நிற்கும், கார்ன் ஸ்னேக், கிங் ஸ்னேக் போன்ற வறண்ட காற்று போதுமான இனங்களுக்கு மிகப் பொருத்தம். ஈரம் பட்டால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். சீடர் மரச்சீவல் எந்தப் பாம்புக்கும் ஆகாது. நமக்கு மணக்கும் அதன் எண்ணெய் மூடிய பெட்டியில் பாம்பின் நுரையீரலைப் புண்ணாக்கும். பைன் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. சூளையில் உலர்த்தியதில் ஆவியாகும் பொருள்கள் குறைந்துவிடுவதால் சிலர் துணிந்து போடுகிறார்கள். வேறு வழி இருக்கும்போது எதற்கு என்பேன் நான். சைப்ரஸ் சில்லு ஈரத்தை நன்றாகத் தாங்கும். அமெரிக்கத் தென்பகுதிச் சதுப்புக்காடுகளில் அதற்காக மரம் வெட்டப்படுவதால் நான் வாங்குவதில்லை. மக்காச்சோளச் சக்கை, அக்ரூட் (வால்நட்) ஓட்டுத்தூள், கால்சியம் மணல் மூன்றும் வேண்டவே வேண்டாம். செயற்கைப் புல்விரிப்பில் பிரிந்த இழை வாலைச் சுற்றி இறுக்கும்.

தளர்வான விரிப்பை விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளுமா என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. நன்றாகத் தண்ணீர் குடிக்கும், சரியான சூட்டில் இருக்கும் பாம்புக்கு ஒன்றிரண்டு சில்லு எச்சத்தோடு வெளியே வந்துவிடுகிறது. நீர் வற்றிய, குளிரில் கிடக்கும் பாம்புக்குத்தான் அது ஆபத்து. உறைநிலையிலிருந்து இளக்கிய எலியைத் துடைத்து உலர்த்தி, நீண்ட இடுக்கியால் நீட்டுங்கள். விரித்த ஒரு தாளின் மேல் கொடுத்தால் இன்னும் நல்லது.

தும்புத்தூளில் எச்சம் கண்டால் சுற்றிலும் ஒரு பிடி கூடுதலாக அள்ளி எறியுங்கள், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை முழுதும் மாற்றுங்கள். கிருமிநாசினி போடுவதற்கு முன் சோப்பால் அழுக்கைக் கழுவ வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய மருந்து வேலை செய்யாது. நலமான பாம்பின் குடலிலும், மனிதருக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஆகவே கிண்ணத்தையும் ஒளிவிடங்களையும் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் பழைய விரிப்பின் பக்கமே விடாதீர்கள். மகனுக்குக் கைகழுவும் பழக்கம் கண்டிப்பாக இருக்கட்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் உடனே விரிப்பை மாற்ற மாட்டேன். முதலில் மூடியையும் ஈர ஒளிவிடத்தையும் சரிசெய்து, அடுத்த சட்டை வரை தாளிலேயே வைத்திருப்பேன். அது முழுதாக, வால்நுனியும் கண்ணுறையும் சேர்ந்து கழன்று, எலியும் ஒழுங்காகத் தின்று, தாளில் கறுப்புப் புள்ளி ஒன்றும் இல்லையென்றால் தும்புத்தூளுக்கு மாறுவேன். எல்லாம் சரியாக இருந்தும் சட்டை மறுபடியும் கிழிந்தால் காரணம் விரிப்பில் இல்லை. உண்ணியோ நோயோ நீர்வறட்சியோ இருக்கலாம். வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ, தலையை அண்ணாந்தே வைத்திருந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். போகும்போது கடைசியாகக் கழித்த எச்சத்தைத் தாளோடு மூடிய பையில் போட்டு, உணவுப் பொருள்களிலிருந்து விலக்கிக் குளிர்ச்சியாக வைத்து, ஒரு நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். காய்ந்துபோனால் சோதனைக்கு உதவாது.